ஒலியை முந்தும் விமானமும் கீழேயுள்ள ஜனங்களும்

தமது நாட்டின் நிலப்பரப்பின்மேல் சிவில் விமானங்கள் ஒலியை முந்திப் பறக்க 1973 முதல் இருந்துவரும் தடையை நீக்குமாறு, 2025 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி உத்தரவிட்டார். வேகத்துக்கு நாம் விரோதிகளல்லோம். காங்கார்டு விமானம் சுமார் மூன்றரை மணியில் லண்டனிலிருந்து நியூயார்க் சேர்ந்தது அற்புதமே. ஆனால் அவ்வேகத்தின் லாபம் மேலே அமர்ந்த தனவந்தருக்கு. அதன் இடிமுழக்கமோ கீழேயிருப்போர் தலையில்! 1977-ல் துவங்கிய லண்டன்–சிங்கப்பூர்ப் போக்குவரத்து, மலேசியாவின் ஆட்சேபத்தால் மூன்றே நடைகளில் நின்றது. 1979-ல் அது மீண்டும் வந்தபோது, நமது ஆகாயத்தில் ஒலியை முந்த இந்தியா இடங்கொடுக்கவில்லை. மறுவருஷமே அது முடிந்தது. நாம் அன்று செய்தது சரியே. முழக்கம் தரையை எட்டாமல் பறக்கலாமென்று புதிய கம்பெனியார் இப்போது சொல்லுகின்றனர். சந்தோஷம். முதலில் தங்கள் ஊர்களின்மேல் நித்தம் பறந்து காட்டட்டும். நமது சர்க்கார் அதன்பின் மனுவை வாங்கினால் போதும்.