பில்லில்லாத காமிரா

தை பிறந்தால் கல்யாணங்கள் பெருகும். கல்யாணங்கள் பெருகினால் காமிராக்காரர்களுக்கு வேலை பெருகும். ஒலக்கூர் போன்ற சிற்றூர்களிலுங்கூட இன்று படம் பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், வீட்டு நகையை அடகு வைத்து, காமிரா வாங்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்தில் விலை விசாரிக்கிறார். பிறகு ஒலக்கூர் ஸ்டேஷனில் ரயிலேறிச் சென்னைக்கும் போய் விசாரிக்கிறார். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் ரூ. 94,400 சொல்லும் காமிராவை இன்னொரு கடையில் ரூ. 80,000க்குக் கொடுக்கிறார்கள். "ஒரிஜினல் சரக்குதான்; பில் மட்டும் கேட்காதீர்கள்" என்கிறார்கள். பதினாலாயிரத்துச் சொச்சம் மிச்சமென்று அவர் சந்தோஷமாக ஊர் திரும்புகிறார்.

மூன்று மாதம் கழித்து ஷட்டர் நின்றுவிடுகிறது. கம்பெனியின் ரிப்பேர் நிலையத்தில், இந்த நம்பர் இந்தியாவில் விற்ற சரக்கின் கணக்கில் இல்லை, ஆகையால் கியாரண்டி செல்லாது என்று கைவிரிக்கிறார்கள். விற்ற கடைக்காரரோ, "எங்களிடம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறார். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திராது. அட்வான்ஸ் வாங்கிய கல்யாணங்கள் கைநழுவுகின்றன. அடகுக் கடையில் வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது.

இவ்வகைச் சரக்கைப் போலிச் சரக்கென்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அதே தொழிற்சாலையில் செய்த அசல் காமிராதான் அது; ஆனால் வேறொரு தேசத்தில் விற்பதற்காக அனுப்பப்பட்டு, கம்பெனியின் இந்தியக் கிளையைத் தொடாமல் வேறு வழியாய் இங்கே வந்து சேர்ந்தது. 'கிரே மார்க்கெட்' என்று இதற்குப் பெயர். சிலது சுங்கம் செலுத்தி முறைப்படி இறக்குமதியாகிறது. சிலது 'குருவி'கள் என்று சென்னைவாசிகள் அழைக்கும் பிரயாணிகளின் பெட்டியில், சொந்த உபயோகத்துக்கென்று சொல்லப்பட்டு வந்து, கடைக்குப் போய்விடுகிறது. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய நம்மவர்களுக்காக 1969இல் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா பஜார் ஏற்பட்ட காலமுதல், வெளிநாட்டுச் சரக்கில் நம் ஜனங்களுக்குள்ள மோகம் யாவரும் அறிந்ததே. அந்தக் கடைக்காரர்களின் பிழைப்பைக் குறைகூறுவது நமது நோக்கமன்று.

சட்டமும் அவ்வாறு குறைகூறவில்லை. ஸாம்ஸங் கம்பெனி தன் பிரிண்டர்கள் சம்பந்தமாகத் தொடுத்த வழக்கில், 2012 அக்டோபர் 3இல் டில்லி ஹைக்கோர்ட்டின் டிவிஷன் பெஞ்சு, அசல் சரக்கை வேறு தேசத்தில் வாங்கி இங்கே இறக்குமதி செய்து விற்பதை வியாபாரக் குறிச் சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது: இது இறக்குமதிச் சரக்கு, கம்பெனியின் கியாரண்டி இதற்குக் கிடையாது என்பதை வாங்குகிறவர் கண்ணில் படும்படி கடையில் எழுதி வைக்கவேண்டும். நியாயத்தின் சாரம் இதுதான். குற்றம் இறக்குமதியிலன்று, மறைப்பதிலிருக்கிறது. உண்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பது வியாபாரம்; சொல்லாமல் விற்பது வஞ்சனை.

சொல்லாதவரிடம் வாங்க நேர்ந்தால் எப்படிக் கண்டுகொள்வது? வழிகள் உள. 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பெட்டியின்மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், சரக்கு உற்பத்தியான தேசம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் செய்யவேண்டிய இடம் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். இந்தச் சீட்டில்லாத பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பாட்டரியிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உண்டா என்று பார்க்க வேண்டும். சார்ஜரின் முளை நம் சுவரிலுள்ள பிளக்குக்குப் பொருந்தாமல் தட்டையாயிருந்தால் அதுவும் ஓர் அறிகுறியே. ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த காமிராக்கள் சிலவற்றில் ஜப்பானிய மொழி தவிர வேறு மொழியே வராது. காமிராவின் அடியிலுள்ள நம்பரும், பெட்டியிலும் கியாரண்டிச் சீட்டிலும் பில்லிலும் உள்ள நம்பரும் ஒன்றாயிருக்கவேண்டும். பணம் கொடுக்குமுன் கம்பெனியின் இந்திய அலுவலகத்தை அந்த நம்பரைக் கூறி விசாரிப்பது உத்தமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பில். அதில் கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண் பதினைந்து எழுத்துக்களில் இருக்கும். தமிழ்நாட்டுக் கடையாயின் 33 என்று தொடங்கும். அது மெய்யா பொய்யா என்பதை அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே வாங்குகிறவர்களையும் நாம் கண்டிக்கவேண்டியிருக்கிறது. 'பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள்' என்று முதலில் வாய்திறப்பவர்கள் பலசமயம் நாமேதான். மேலே சொன்ன உதாரணத்தில் மிச்சமான ரூ. 14,400, ரூ. 80,000க்கு 18 சதவீத வரியே தவிர வேறன்று. வரியை ஏய்க்கக் கடைக்காரருடன் கூட்டுச் சேர்ந்துவிட்டு, பிறகு அவர் தம்மை ஏய்த்தாரென்று அழுவதில் என்ன பயன்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். கடன்பட்ட பணத்தைக் கணக்கில்லாமல் போடலாமா?

கதர் இயக்க நாட்களில், மில் துணியைக் கதரென்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். 1925இல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கம் நம்பகமான கடைகளுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தது. தேசபக்தர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். கேட்பதில் யாரும் கௌரவக் குறைவு காணவில்லை. அந்தப் பழக்கம் இப்பொழுது மட்டும் ஏன் நம்மைவிட்டுப் போகவேண்டும்?

கம்பெனிகளும் தங்கள் பொறுப்பை உணரவேண்டும். ஒரே காமிராவுக்குத் தேசத்துக்கொரு விலை வைத்தால் சரக்கு மலிவான இடத்திலிருந்து கிராக்கியான இடத்துக்கு ஓடத்தான் செய்யும். கியாரண்டி மறுப்பது நியாயமாயிருக்கலாம். கூலி கொடுத்தாலும் ரிப்பேர் செய்யமாட்டோமென்பது நியாயமன்று. பொட்டல விதிகளை அமல் செய்யவேண்டிய தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர்கள், தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பதுபோல இக்கடைகளின் பெட்டிகளையும் சோதிக்கவேண்டும். கியாரண்டி யாருடையது என்ற அறிவிப்பு ஒவ்வொரு கடையிலும் தமிழில் தொங்கவேண்டும் என்று சர்க்கார் உத்தரவிடுதல் அவசியம்.

ஏமாந்தவர்கள் வாளாவிருக்கலாகாது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வியாபாரமாகும். வாங்கிய கடை சென்னையிலிருந்தாலும், ஒலக்கூர்வாசி தாம் வசிக்கும் விழுப்புரம் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் டெலிபோன் மூலமாகவும் முறையிடலாம். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது பில்லைத்தான். அது இல்லாமல் அங்கே போய் நிற்பது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதாகும். இந்தத் தையில் காமிரா வாங்கப்போகும் ஒவ்வொரு வாலிபரும், விலை என்னவென்று கேட்குமுன், பில் உண்டா என்று கேட்பாராக.