மெதுவான சாலைகள் காத்த உயிர்கள்

2022ஆம் ஆண்டில் கேரளத்தில் 43,910 சாலை விபத்துகள் பதிவாயின. தமிழ்நாடு, மத்தியப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே மூன்றாவது இடம். பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத மாநிலத்துக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. ஆனால் அந்த விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 4,317 பேர். நூறு விபத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு விபத்துக்கு ஏறக்குறைய 28 பேரும், உத்தரப் பிரதேசத்தில் 54 பேரும் இறந்தார்கள். நாடு முழுவதற்குமான சராசரி 36க்கு மேல்.

கேரளம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குறைந்த விகிதம் எப்படி வந்தது என்று பார்த்தால், பெருமையைவிடக் கவலைப்படவே காரணங்கள் அதிகம்.

அதில் ஒரு பகுதி போலீஸ் பதிவேட்டிலிருந்து வருகிறது. பல மாநிலங்களில் நடுரோட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளும் சிறு மோதல்கள்கூட இங்கே இன்சூரன்ஸ் தேவைக்காக ஸ்டேஷனுக்குப் போய் வழக்காகின்றன. விபத்துக் கணக்கு பெருகும்போது மரண விகிதம் தானாகவே தாழ்வாகத் தெரியும். இன்னொரு பகுதி மருத்துவம். 2019 செப்டம்பரில் தொடங்கிய ‘கனிவு 108’ திட்டத்தில் 300க்கு மேற்பட்ட ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன. அடிபட்டவரை அருகிலிருக்கும் ஆட்டோவிலோ காரிலோ தூக்கிப்போட்டுக்கொண்டு விரையும் மக்களும் உண்டு. எங்கே அடிபட்டாலும் ஓர் ஆஸ்பத்திரி அதிகத் தொலைவில் இருக்காது.

மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை. கேரளத்துச் சாலையில் வேகமாகப் போக முடியாது.

களியக்காவிளை தாண்டி உள்ளே வரும் தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாலராமபுரம் சந்திப்பைக் கடப்பதற்குள் பொறுமை போய்விடும். கேசவதாசபுரத்தில் தொடங்கி அங்கமாலி வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் எம்.சி. ரோட்டில் வெம்பாயம் எங்கே முடிகிறது, வெஞ்ஞாறமூடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீடு, கடை, பள்ளி, தேவாலயம் என்று சாலையின் இரு பக்கமும் தொடர்ந்து மனிதர்கள். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழும் மண் இது. ஏற்றமும் வளைவும் நெரிசலும் சேர்ந்து வண்டியின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. மோதல்கள் நடக்கின்றன, எலும்பு முறிகிறது, ஆனால் பெரும்பாலும் உயிர் தப்புகிறது. எந்த அரசும் திட்டமிட்டுத் தராத பாதுகாப்பு இது.

நெரிசல் விலகும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பும் விலகிவிடுகிறது. 2018 செப்டம்பர் 25 அதிகாலையில் திருவனந்தபுரத்தை அடுத்த பள்ளிப்புறத்தில் வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார் மரத்தில் மோதியது. அவருடைய சின்னஞ்சிறு மகள் அன்றே இறந்தாள். அவர் ஒரு வாரம் கழித்து அக்டோபர் 2ஆம் தேதி இறந்தார். 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரம், நகரின் நடுவிலுள்ள மியூசியம் அருகே, ‘சிராஜ்’ நாளிதழின் திருவனந்தபுரம் பிரிவுத் தலைவர் கே.எம். பஷீர் மீது ஒரு கார் மோதியது. அதை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் ஓர் ஐஏஎஸ் அதிகாரி. அவருடைய ரத்த மாதிரியைப் பல மணி நேரம் தாமதித்து எடுத்ததற்காகப் போலீஸ் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பகலில் ஊர்ந்து நகரும் அதே சாலைகள்தான் இவை.

இதன் பின்னாலுள்ள கணக்கு எளிது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறது; 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஆகும் தூரம் அது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நடந்து செல்பவர் மீது மோதும் காரின் வேகம் 50லிருந்து 65 ஆனாலே அவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு உயர்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்தப் பின்னணியில்தான் கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை போகும் பைபாஸைப் பார்க்க வேண்டும். சுமார் 43 கி.மீ. நீளம், நான்கு வழி. திருவனந்தபுரத்துக்கு அது தேவைப்பட்டது, சந்தேகமில்லை. டெக்னோபார்க்குக்கும் விமான நிலையத்துக்கும் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகிறது. ஆனால் பைபாஸ் பிளந்து செல்லும் ஊர்கள் பழைய ஊர்கள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் பஸ் ஸ்டாப், கோயில், கடற்கரை. தலைமுறைகளாகக் குறுக்கே நடந்த மனிதர்கள் இன்றும் குறுக்கே நடக்கிறார்கள். மாறியது வண்டியின் வேகம் மட்டுமே. 2022 ஜூனில் முக்கோலை அருகே பைக் ரேஸ் இரண்டு இளைஞர்களின் உயிரைக் குடித்தது. 2023 ஜனவரியில் கோவளத்தை அடுத்த வாழமுட்டத்தில் சாலையைக் கடந்த ஒரு பெண் மீது வேகமாக வந்த பைக் மோதியது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் பைக் ஓட்டிய இளைஞரும் இறந்தார்கள். ‘கவனமாகக் கடக்க வேண்டாமா?’ என்று கேட்பவர்கள், நான்கு வழிச் சாலையை அவர் வேறெப்படிக் கடந்திருக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி வருவது இதைவிடப் பெரியது. தேசிய நெடுஞ்சாலை 66, காசர்கோட்டின் தலப்பாடியிலிருந்து தெற்கே கழக்கூட்டம் வரை ஆறு வழியாக விரிகிறது. இத்தனை காலம் நெரிசலே வேகத்தடையாக இருந்த மாநிலத்தில் 100 கி.மீ. வேகம் அன்றாடமாகப் போகிறது. நாடு முழுவதும் 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். கேரளச் சாலைகளில் மிகுதியாக இருப்பதும் இந்த இரு சாராரே.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2019 டிசம்பரிலிருந்து பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களின் வழியே அபராதம் விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூலையில் இருசக்கர வாகனங்களின் உச்ச வேகம் 70லிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் 41,111 விபத்துகளில் 4,440 பேர் இறந்தார்கள். 2024இல் விபத்துகள் 48,000ஐத் தாண்டியும் மரணங்கள் 4,000க்குக் கீழே வந்துவிட்டன. ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் உயிர் காக்கும் என்பதற்கு இந்த இறக்கத்தை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் அந்த 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் போன்ற மீறல்களைப் பிடிப்பவை. வேகத்தை அளப்பவை எட்டே எட்டு. அவற்றில் நான்கு வண்டியில் பொருத்தியவை. ஒரு மாநிலம் எதற்கு அஞ்சுகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதை இந்தப் பங்கீடு காட்டுகிறது. ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சிகள் புகார் சொன்னதும், கேமராக்களை அமைத்த அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்குத் தர வேண்டிய பாக்கியால் நோட்டீஸ் அனுப்புவது இடையில் முடங்கியதும் செய்தியாயின. வேகத்துக்கு இத்தனை குறைந்த கேமராக்கள் ஏன் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழவே இல்லை.

ஓட்டுநரைத் திருத்துவது மட்டும் போதாது என்பதற்கு 2024 டிசம்பர் 12ஆம் தேதி பாலக்காடு மாவட்டம் பனயம்பாடத்தில் நடந்தது சான்று. தேர்வு முடிந்து சாலையோரம் நடந்துபோன எட்டாம் வகுப்பு மாணவிகள் மீது சிமென்ட் லாரி கவிழ்ந்தது. நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மழை பெய்தால் வண்டி வழுக்கும் வளைவு அது என்று ஊர் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டுவந்தார்கள்.

சாலையைத் திருத்தும் வித்தை கேரளத்துக்குத் தெரியாததல்ல. கழக்கூட்டத்திலிருந்து அடூர் வரை சுமார் 80 கி.மீ. சாலை, உலக வங்கி உதவியோடு ‘பாதுகாப்பான வழித்தட’ முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சந்திப்புகளும் நடைபாதைகளும் தடுப்புகளும் சீரமைக்கப்பட்டன. போக்குவரத்து ஆய்வுக்கென்றே 1976இல் தொடங்கிய நாட்பேக் மையம் திருவனந்தபுரத்திலேயே, ஆக்குளத்தில் இருக்கிறது. 2007இல் சட்டம் இயற்றிச் சாலைப் பாதுகாப்பு ஆணையமும் அமைத்தாயிற்று. அறிவும் அமைப்பும் இருக்கும்போது சவ ஊர்வலத்துக்குப் பிறகுதான் சாலை திருத்தப்படும் என்ற நிலையை இந்த மாநிலம் ஏற்கக் கூடாது.

தலைநகரின் பைபாஸிலேயே தொடங்கலாம். ஓரிடத்தில் கேமரா வைத்தால் அங்கே மட்டும் பிரேக் பிடித்துவிட்டு மறுபடி பறப்பார்கள். இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை வேண்டும். கழக்கூட்டம் முதல் காரோடு வரை ஒவ்வொரு பகுதியிலும் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்பதை நாட்பேக் அளந்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். படி ஏற முடியாத முதியவருக்கும் மீன்கூடை சுமப்பவருக்கும் மேம்பாலம் வழியாகாது. எனவே திருவல்லம், வாழமுட்டம், முக்கோலை ஆகிய இடங்களில் மக்கள் ஏற்கெனவே கடக்கும் அதே புள்ளியில், தரைமட்டத்தில், சிக்னலோடும் வெளிச்சத்தோடும் கடவுப் பாதை அமைய வேண்டும். ஆறு வழிச் சாலை முழுமையாகத் திறக்கும்முன் இந்த மூன்று இடங்களிலாவது அது நடக்க வேண்டும்.