தவணைச் சேமிப்பும் வட்டிக் கணக்கும்

தமிழிலக்கியம் பயில்வோனுக்கு வட்டிக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். காரி நாயனார் தம் கணக்கதிகாரத்தைச் செய்யுளிலேயே இயற்றினார் என்பதை அன்னார்க்கு நினைவூட்டிவிட்டு மேற்செல்கின்றேன்.

என் அன்னையார் 2024 சனவரியில், தங்கையின் கல்லூரிப் படிப்பை உத்தேசித்து, மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்தும் ஐந்தாண்டுத் தவணைச் சேமிப்புக் கணக்கொன்றைத் தபால் நிலையத்தில் தொடங்கினார். 2023 அக்டோபரில் விதிக்கப்பட்டபடி வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 6.7. தொடங்கிய நாளின் வீதமே முடிவு வரை மாறாது நிற்கும். மூன்று மாதத்திற்கொருமுறை வட்டி முதலோடு சேர்க்கப்படும். நாட்காட்டியின் பின்புறத்தில் அன்னையார் ஒரு கணக்கெழுதி வைத்திருந்தார். அறுபது மாதத்து முதல் 60,000, அதற்கு ஓராண்டு வட்டி 4,020, ஐந்தாண்டுக்கு 20,100, ஆகமொத்தம் 80,100. வட்டிக்கு வட்டியும் உண்டாதலின் இன்னுஞ் சிறிது கூடுதலாகவே வருமென்பது அவர் நம்பிக்கை. சென்ற விடுமுறையில் அதனைக் கண்ட யான் மீண்டும் கணக்கிட்டேன். வந்த தொகை 71,366.

“மீதியை யாரடா எடுத்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார் அன்னையார்.

எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 60,000 ரூபாயும் ஐந்தாண்டு முழுவதும் அங்கே தங்கியிருக்கவில்லை என்பதே உண்மை. முதல் தவணை 60 மாதம் தங்கும். அடுத்தது 59 மாதம். இறுதித் தவணையோ ஒரே மாதம். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் தங்கியது முப்பதரை மாதமே. முதலிற் செலுத்திய ஆயிரம் 1,394 ஆக வளர, இறுதியிற் செலுத்திய ஆயிரம் ஐந்தரை ரூபாயை மட்டும் ஈட்டி வீடு திரும்புகின்றது!

முழு முதலுக்கும் அம்முப்பதரை மாதத்திற்குத் தனிவட்டி போட்டுப் பார்த்தால் 10,217 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். தபால் நிலையம் தருவதோ 11,366. ஆகவே, மிகப் பெரிதாகப் பேசப்படும் ‘வட்டிக்கு வட்டி’ ஐந்தாண்டில் தருவது ஏறத்தாழ 1,150 ரூபாய்தான். அதனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ணற்க. அதே கணக்கை அதே வீதத்தில் மேலும் ஐந்தாண்டு நீட்டித்து விடாது செலுத்தினால், 1,20,000 ரூபாய் முதலுக்கு 1,70,854 கிடைக்கும். அதில் வட்டிக்கு வட்டியின் பங்கு 10,300 ரூபாய்க்கு மேல். காலம் இருமடங்காக, அப்பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகின்றது. அதன் ஆற்றல் பொறுத்திருப்போர்க்கே உரியது.

இன்னுமொன்று. ஐந்தாண்டுக் கணக்கில் முதலாண்டில் செலுத்தும் 12,000 ரூபாய் முடிவில் 4,230 ரூபாய் வட்டி ஈட்டும்; கடைசி ஆண்டில் செலுத்தும் அதே தொகை ஈட்டுவது 442 ரூபாய். ‘இவ்வாண்டு போகட்டும், அடுத்த ஆண்டு தொடங்குவோம்’ என்போர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பாராக.

நிற்க. கைப்பேசியே கணக்கிட்டுச் சொல்லும்போது நாம் வருந்துவதேன் என்று கேட்பாருமுளர். கைப்பேசி தொகையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் அறியாமையின் தீங்கு சேமிப்பில் ஏமாற்றத்தோடு போய்விடும். கடனிலோ அது பொருளையே கவர்ந்துகொள்ளும். 60,000 ரூபாய் கடன் கொடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு 6.7 என்று சொல்லி, மாதம் 1,335 ரூபாயாக அறுபது தவணையில் வாங்குகின்ற முறை ஒன்றுண்டு. ‘ஃபிளாட் வட்டி’ என்று அதனை வழங்குவர். முதல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வரவும், வட்டி மட்டும் முழு முதலுக்கே கடைசி வரை கணக்கிடப்படும். அவ்வாறு கடன்பட்டோன் செலுத்தும் வட்டி எவ்வளவு? அதே 20,100! குறைந்துவரும் முதலுக்குக் கணக்கிட்டால் அது நூற்றுக்குப் பன்னிரண்டாகும். என் அன்னையார் நாட்காட்டியில் எழுதிவைத்து, தமக்கு வருமென நம்பிய தொகையை, அதே பிழையால், கடன் கொடுப்போர் பிறரிடமிருந்து மெய்யாகவே பெற்றுவிடுகின்றனர். கணக்குத் தொடங்கும் நாளிலேயே முதிர்வுத் தொகையையும், கடன் பத்திரத்தில் குறையும் முதலுக்குரிய மெய்வீதத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரவேண்டுமென்று நாம் கேட்பது தகும். அதுவரை, விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள சேமிப்புப் புத்தகத்தையும் கடன் சீட்டையும் ஒருமுறை விரித்துக் கணக்கிட்டுச் சொல்வாராக. அதற்குப் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

அன்னையார்க்கு அம்முப்பதரை மாதக் கணக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியபின், 80,100 ரூபாய் வேண்டுமாயின் முதலிலிருந்தே மாதம் எவ்வளவு கட்டியிருக்க வேண்டும் என்று கேட்டார். 1,130 கட்டியிருந்தால் 80,643 ரூபாய் வந்திருக்கும் என்றேன். “நூற்று முப்பது ரூபாய்தானா?” என்றவர், நாட்காட்டியைத் திருப்பிப் பழைய தொகையை அடித்துவிட்டு 71,366 என்று எழுதினார். 2029 சனவரியில் அது முதிரும். எஞ்சிய தொகைக்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கின்றோம்.