கடல் மூடும் மாதங்களில் பிள்ளைகளுக்கு என்ன சோறு?



கடந்த கிழமை எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் போசாக்குக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. பந்தல், பனர், பிளாஸ்டிக் கதிரைகள். வந்த அரசியல்வாதியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆள் மாறினாலும் காட்சி மாறாததை இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டேன். பையில் ஒரு பால்மா பக்கெட், ஒரு கிலோ பருப்பு, ஒரு பெட்டி பிஸ்கட். கொடுக்கிறவரும் வாங்குகிற தாயும் கமராவைப் பார்க்கும்வரை பை கைமாறவில்லை. வெயிலில் காத்திருந்து தாயின் தோளிலேயே தூங்கிப்போன ஒரு பிள்ளையைத் தட்டி எழுப்பிப் படம் எடுத்தார்கள்.

கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. இன்று பால்மா விற்கிற விலைக்கு வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பக்கெட் பத்து நாளில் முடியும். பருப்பும் பால்மாவும் கொடுக்க ஊரில் பள்ளிவாசல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசியல்வாதியை நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியது இவர்களால் செய்ய முடியாத வேலைக்கு.

அந்த வேலை என்னவென்று சொல்ல, திருகோணமலைக் கரையோரக் குச்சவெளியின் வருடத்தை முதலில் சொல்ல வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை எங்கள் கடல் படுத்திருக்கும். சூடை, கீரி, நெத்தலி மீன்கள் கரையில் குவியும். நிலாவெளி ஹோட்டல்களில் எங்கள் பெண்களுக்கு வேலை இருக்கும். உப்பளத்தில் கூலி இருக்கும். வாடைக்காற்று பெயர்ந்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும். சின்ன வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். உல்லாசப் பயணிகள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். மழையில் உப்பு விளையாது. சரி, கடற்கரை ஊர்களுக்குத்தான் இந்தக் கதி என்றால் திரியாயிலும் கும்புறுப்பிட்டியிலும் வயல் இருக்கிறதே என்பீர்கள். பெரும்போகத்துக்கு விதைத்த நெல் அப்போது வயலில்தான் நிற்கும். வெட்ட மாசி ஆகும். பழைய நெல்லோ கார்த்திகைக்குள் முடிந்திருக்கும். மீனவன் வீட்டிலும் கமக்காரன் வீட்டிலும் ஒரே மாதத்தில் அடுப்பு மங்கும் பிரதேசம் இது.

இப்போது அரசாங்கத்தின் வருடத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் வயிற்றுக்கு அரசு செய்கிற நல்ல காரியங்களில் முதலாவது பாடசாலைச் சாப்பாடு. 2024 மார்ச்சில் அதை ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கி, ஒரு சாப்பாட்டுக்கு 85 ரூபாயாக இருந்ததை 110 ஆக்கினார்கள். ஆசிரியையாக இருந்தவள் நான். சாப்பாடு கொடுக்கிற நாளில் வரவு இடாப்பு நிறைவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சாப்பாடு பாடசாலை நாளுக்கு மட்டும்தான். ஆண்டிறுதி விடுமுறை விட்டதும் அது நின்றுவிடும். அந்த விடுமுறை வருவது கடல் மூடிக்கிடக்கிற காலத்தில். வீட்டில் மீன் இருக்கிற ஆடியில் முட்டையும் சோறும், வீட்டில் பாணும் சம்பலுமாக இருக்கிற மார்கழியில் ஒன்றுமில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையும் உண்டு; அப்போதும் சாப்பாடு நிற்கும். முதலாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் நோன்பு பிடிப்பதில்லை என்பதை அட்டவணை போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நிறை பார்ப்பதிலும் இதே கதை. தேசிய போசாக்கு மாதம் வழமையாக ஜூனில் வருகிறது. நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நிறுத்துக் கணக்கெடுக்கிறார்கள். 2021இல் நிறை குறைந்த பிள்ளைகள் 12.2 வீதம், 2022இல் 15.3 வீதம் என்று குடும்ப சுகாதாரப் பணியகம் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. அந்தக் கணக்கைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் எங்களுக்கு மீன் மாதம். எங்கள் பிள்ளைகள் வருடத்திலேயே நன்றாகச் சாப்பிடுகிற காலத்தில் எடுத்த நிறை, அவர்கள் வாடையில் இழக்கிற நிறையை எப்படிக் காட்டும்? அதைக் காட்டுகிற தாள் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தாயின் கிளினிக் கொப்பியிலும் பச்சைப் பட்டையில் ஏறிப் போகிற பிள்ளையின் நிறைக் கோடு தை மாதத்துக்குள் செம்மஞ்சளுக்கு வளைகிறதா இல்லையா என்று எங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். வெள்ளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் அவர். அவர் எழுதுகிற எண்கள் மேலே போகின்றன. மார்கழிக்கும் தைக்கும் தனியாக, கிராம சேவகர் பிரிவு வாரியாக, எங்கள் கண்ணில் படும்படி அவை திரும்பி வருவதில்லை.

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1973இலிருந்து இந்த நாட்டுப் பிள்ளைகளை வளர்த்த மாவு அது. சோளம், சோயா, பால்மா கலந்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். 2022இல் சோளத்தில் அஃப்ளடொக்சின் நஞ்சு என்ற பிரச்சினை வந்தது. ஈரம் காயாமல் கட்டிவைத்த சோளத்தில் பிடிக்கிற பூஞ்சணத்தின் நஞ்சு அது. அதன் பிறகு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குத் திரிபோஷா நீண்ட காலம் கிடைக்காமல் போனது. நஞ்சைக் கொடுக்காமல் விட்டது சரி. பதிலுக்கு எதைக் கொடுத்தோம்? 2022 என்பது உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டிய வருடம். அன்று இரண்டு மூன்று வயதாக இருந்த பிள்ளைகள் இன்று பாடசாலை வாங்கில் இருக்கிறார்கள். திரிபோஷா பக்கெட் வந்தாலும் ஒரு பிள்ளைக்கென்று வந்த மாவை வீட்டில் மூன்று பிள்ளைகள் தின்பார்கள் என்பது கிளினிக்கில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். எந்தத் தாய்தான் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைப் பார்க்க வைப்பாள்?

பிள்ளைகளின் சோறு மண்ணோடும் கட்டுண்டது. மண்ணைப் பற்றி எழுதினால் அரசியல் என்பார்கள். எழுதாமல் விட்டால் பொய் ஆகும். எங்கள் பிரதேசத்துப் புல்மோட்டை மணலில் இருக்கிற இல்மனைட் கனிமத்துக்காக 1957இலேயே அரச கூட்டுத்தாபனம் தொடங்கினார்கள். மண் இன்றும் கப்பலேறுகிறது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்கள். முதலில் அறிவித்த பட்டியலில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. திரியாயிலும் தென்னமரவடியிலும் புல்மோட்டையிலும் காணிப் பிணக்குகள் இன்னும் தீரவில்லை. விதைக்க முடியாத வயலும் பிள்ளையின் கிளினிக் கொப்பியும் இரண்டு அமைச்சுகளின் கோப்புகளாக இருக்கலாம். வீட்டில் அவை ஒரே சட்டிதான்.

விடுமுறையில் சாப்பாடு கொடுப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், பக்கத்து நாட்டைக் காட்டுகிறேன். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பாடசாலை மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் கட்டளையிட்டது. அங்கே வெயில், இங்கே வாடை. பிள்ளையின் வயிறு ஒன்றுதான். சமைக்க வசதியில்லை என்றால் அரிசியும் பயறும் முட்டையும் உலர் உணவாகக் கொடுக்கலாம். கொரோனாவில் பாடசாலைகள் மூடியிருந்தபோது தமிழ்நாடு அப்படித்தான் கொடுத்தது.

திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள்: அருண் ஹேமச்சந்திரா, ரொஷான் அக்மீமன, இம்ரான் மகரூப், சண்முகம் குகதாசன். அரசாங்கப் பக்கம் இருவர், எதிரணியில் இருவர். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே மற்றவர் தடுத்தார் என்று யாரும் சொல்ல இடமில்லை. வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் வழமையாக எங்கள் வாடை மாதத்தில்தான் வரும். சுகாதார அமைச்சின் நாளில் ஒருவர் எழுந்து, குச்சவெளிப் பிரதேசப் பிள்ளைகளின் ஜூன் நிறையையும் ஜனவரி நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சபையில் சமர்ப்பிக்கும்படி கேட்கட்டும். கல்வி அமைச்சின் நாளில் இன்னொருவர், ஆண்டிறுதி விடுமுறையில் கரையோரப் பிள்ளைகளுக்கு உலர் உணவு உண்டா இல்லையா என்று கேட்கட்டும். பாடசாலைச் சாப்பாட்டுக்கு முட்டையும் விறகும் வாங்கிச் சமைக்கிற தாய்மாருக்குக் காசு எத்தனை மாதம் பிந்துகிறது என்றும் சேர்த்துக் கேட்டால் நல்லது. அப்படிச் சமைக்கிற என் அடுத்த வீட்டுப் பெண் தாலிக்கொடியை அடைவு வைத்துத்தான் ஒரு தவணை முழுக்கச் சமைத்தாள். பதில் என்னவாக இருந்தாலும் அது சபைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். பந்தலில் எடுத்த படம் முகநூலில் ஏறி அடுத்த நாள் கீழே போய்விடும்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. மேசையில் வீதி, மதகு, மின்விளக்கு என்று வருகிற பட்டியலில் பிள்ளைகளின் நிறையையும் ஒரு வரியாகச் சேருங்கள். குடும்பநல உத்தியோகத்தர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கதிரை கொடுத்துப் பேச விடுங்கள். பனர் வேண்டாம்.

இதை எழுதுகிற இன்று ஐப்பசி பிறந்து நான்கு நாள். வள்ளங்கள் இன்னும் கடலில்தான் நிற்கின்றன. அவற்றைக் கரையேற்ற இன்னும் நான்கைந்து கிழமைதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குச்சவெளி.