படபடக்கும்போது பிரஷர் பார்க்காதீர்கள்

"படபடன்னு வருதா? உடனே பிரஷரைப் பாரு." நம் வீடுகளில் இதற்கு மறுபேச்சே கிடையாது. கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், யாராவது மெஷினைத் தேடி எடுத்து வந்து கையில் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். அக்கறையால்தான் செய்கிறார்கள். ஆனால் மனப்பதற்றத்தோடு வாழும் ஒருவரை இந்த அக்கறை என்ன பாடு படுத்துகிறது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

என் பெரியம்மா பழைய பால் கணக்கு நோட்டில் அளவுகளைக் குறித்து வைப்பார். ஒரு பக்கம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரவு 11.40, 152. 11.46, 161. 11.50, 168. 12.05, 174. கடைசி வரியில் கை நடுங்கியது எழுத்திலேயே தெரிந்தது. காலையில் போட வேண்டிய மாத்திரையில் பாதியைக் கிள்ளி அப்போதே போட்டுக்கொண்டார். விடியற்காலையில் பாத்ரூமில் தலைசுற்றி விழுந்தார். தூக்கி உட்காரவைத்துப் பார்த்தால் 98. "ஏறுது, இறங்குது, எனக்கு என்னமோ பெருசா இருக்குடா" என்று அதற்கும் அழுதார்.

அந்த இரவில் ஏறியது பயம். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், அழுத்தம் கூடும். இது எல்லா உடம்பிலும் நடப்பது. 1983இல் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே மான்சியாவும் அவர் குழுவினரும் 48 பேரின் தமனிக்குள்ளேயே அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவுசெய்து பார்த்தார்கள். டாக்டர் கட்டிலருகே வந்ததுமே ஏறத் தொடங்கி, நான்கு நிமிடத்துக்குள் மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 கூடியது. பிறகு டாக்டர் அங்கே இருக்கும்போதே இறங்கியது. ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதற்கே இவ்வளவு. பக்கவாதம் வந்துவிடுமோ என்று நடுநிசியில் தனியாக நடுங்குகிறவருக்கு எவ்வளவு ஏறும்? அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையை இறுக்கினால் அடுத்த எண் எப்படிக் குறையும்?

வீட்டில் பிரஷர் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறும் பிரஷரையும், அங்கே ஒளிந்துகொண்டு வீட்டில் ஏறும் பிரஷரையும் வீட்டு அளவுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட், நடைப்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலே அளவு கூட்டிக் காட்டும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஏழு நாள் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை எடுக்க வேண்டும். அந்தச் சராசரி 135/85ஐத் தொட்டால்தான் டாக்டர் அதை உயர் ரத்த அழுத்தம் என்பார். பெரியம்மாவின் நோட்டில் இந்த விதிப்படி எடுத்த அளவு ஒன்றுகூட இல்லை. மெஷினை வாங்கச் சொன்ன டாக்டர் இதில் ஒரு வரியும் சொல்லித்தரவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க, டென்ஷன் ஆனா பிரஷர் ஏறும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பதற்றத்தால் தவிப்பவரிடம் இதைச் சொல்வது கொடுமை. பயப்படுவதற்கே பயப்பட வைக்கிற வார்த்தை அது.

பிரஷர் ஏறினால் உடம்பே சொல்லிவிடும் என்பதுதான் இத்தனைக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை. பெரும்பாலும் உடம்பு எதையும் சொல்லாது. அதனால்தான் அந்த நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கிறது. என் பெரியம்மாவை நள்ளிரவில் மெஷினிடம் ஓடவைத்த அதே நம்பிக்கைதான், "எனக்குத் தலைவலியே இல்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடும் எத்தனையோ ஆண்களைக் கெடுக்கிறது. முன்னவருக்கு வீண் பயம், பின்னவருக்கு வீண் தைரியம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் மெஷினைத் தேடவே கூடாது. எண் எதுவானாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் 180/120க்கு மேல் காட்டினால், சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் டாக்டரிடம் பேச வேண்டும், நாமாக இன்னொரு மாத்திரை போடக் கூடாது. நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் விட்டு அழுத்தத்தைச் சடாரென்று இறக்கும் வழக்கம் டாக்டர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து ஆபத்தாகிறது என்று 1996இலேயே மருத்துவ இதழ்களில் அதைக் கண்டித்து எழுதினார்கள்.

பெரியம்மாவின் தேவை, பதற்றத்துக்கான சிகிச்சை. மனநல டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது வீடே எதிர்த்தது. "பிரஷருக்கு எதுக்குடா பைத்தியக்கார டாக்டர்?" என்றார் பெரியப்பா. அவரைச் சம்மதிக்கவைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் பால் கணக்கு நோட்டு தீர்ந்து, இன்னொன்று வாங்கினார்கள்.