பெரிய திரையும் ஆடு விற்ற காசும்



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்து மணி அடித்த பிறகு, என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தியின் தாயார் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. காலணியில் ஒட்டிய மண் இன்னும் காயவில்லை. மடித்து வைத்திருந்த விளம்பரத் தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்தார்.

"டீச்சர், மகளுக்குப் பாலிடெக்னிக்கில இடம் கிடைச்சிருக்கு. லேப்டாப் வேணுமாம். ஆடு வித்த காசு 2,000 வெள்ளி கையில இருக்கு. இதப் பாருங்க, 17 அங்குலம், பெரிய திரை. ரொக்கமா 1,900 வெள்ளி. தவணைன்னா மாசம் 115 வெள்ளிதான். தவணையில எடுத்துடலாமா?"

"பெரிய திரைதான் வேணுமாக்கா?" என்று கேட்டேன்.

"தம்பிக்காரனும் பக்கத்துல உட்கார்ந்து படிக்கலாமில்ல? எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல டீச்சர்."

அவர் ஆசை நியாயமானதுதான். ஒரே கருவியை மூன்று பேர் பார்க்க வேண்டிய வீடுகள் நம்மிடையே அதிகம். ஆனாலும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. காரணம், அந்த நெருப்பில் நானே ஒரு முறை கை வைத்தவள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, என் மகனுக்காக ஒரு பெரிய திரை மடிக்கணினியைத் தவணையில் எடுத்தேன். திரையின் அகலத்தைப் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு வருடத்திற்குள் அது நிரம்பி, திணறி, படுத்துவிட்டது. தவணையோ இரண்டு வருடம்! கறக்காத மாட்டுக்குத் தீவனம் போட்ட கதைதான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் எனக்கே இந்த நிலை.

ஆகவே, அன்று அந்த அக்காவிடம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 115 வெள்ளி, 24 மாதம் என்றால் 2,760 வெள்ளி. ரொக்க விலை 1,900. வித்தியாசம் 860 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அப்படியானால் அந்த 860 வெள்ளி, வெயிலிலும் மழையிலும் குனிந்து நிமிர்ந்து சம்பாதித்த அரை மாதச் சம்பளம். "மாசம் இவ்வளவுதான்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதுதான்.

அடுத்து, கருவியின் உள்ளே பார்க்க வேண்டியவற்றைச் சொன்னேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ரேம். இது வேலை செய்யும் மேசையைப் போன்றது. மேசை சிறிதானால் ஒரு புத்தகத்தை மூடித்தான் இன்னொன்றைத் திறக்க முடியும். 4 ஜிபி போதாது. 8 ஜிபியாவது வேண்டும்.

இரண்டாவது, சேமிப்பிடம். இது நம் தோட்டத்து ஸ்டோர் மாதிரி. 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குங்கள். 64 ஜிபி இ.எம்.எம்.சி. என்று இருந்தால் தொடவேண்டாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபிதான். பிள்ளையின் பாடங்களுக்கு இடம் எங்கே மிஞ்சும்? நான் ஏமாந்தது இதில்தான்.

மூன்றாவது, செயலி. பழைய கருவி வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஐ5 என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் 8250 என்பது போல 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. 6 அல்லது 7-இல் தொடங்குவது மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

நான்காவதுதான் திரை. திரையைக் குறுக்காக, மூலைக்கு மூலை அளப்பார்கள். 15.6 அங்குலம் என்றால் ஏறக்குறைய 39.6 சென்டிமீட்டர், 17.3 அங்குலம் என்றால் 43.9. வித்தியாசம் நான்கு விரற்கடை அளவுகூட இல்லை. அகலத்தைவிடத் தெளிவு முக்கியம். 1366க்கு 768 என்பதைக் காட்டிலும் 1920க்கு 1080 என்ற திரையில் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"அப்போ பெரிய திரை கிடையாதா டீச்சர்?" என்று முகம் வாடினார் அந்த அக்கா.

"உங்க வீட்டுலயே இருக்கேக்கா! தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால எச்.டி.எம்.ஐ.ன்னு ஒரு துவாரம் இருக்கும். ஒரு கம்பி வாங்கி மாட்டினா, மகள் படிக்கிறது எல்லாம் அதுல தெரியும்" என்றேன். திரையைப் பிறகு வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே பலகையோடு ஒட்டி வரும் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. ஆகவே காசை உள்ளே போடுங்கள்.

சனிக்கிழமை மூவருமாகப் பட்டணத்துக்குப் போனோம். நான்கு கடை ஏறி இறங்கி, ஓர் அலுவலகத்தில் ஓடிய 15.6 அங்குலக் கருவியை 1,150 வெள்ளிக்கு எடுத்தோம். காசு கொடுக்கும் முன் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம். திரையை வெள்ளையாக்கிப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தோம். மின்கம்பியைக் கழற்றி அரை மணி நேரம் படம் ஓடவிட்டோம். மூடித் திறக்கும் கீலை ஆட்டிப் பார்த்தோம். பழைய உரிமையாளரின் கணக்கை எங்கள் கண்முன்னே நீக்கச் சொன்னோம். விண்டோஸ் உரிமம் செல்லுபடியாகிறதா என்பதையும் திறந்து காட்டச் சொன்னோம்.

ரசீதில் உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்க மறவாதீர்கள். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் ரசீது இல்லாத வாய்ச்சொல் எங்கும் எடுபடாது.

வீட்டில் வைத்து அமைக்கும் வேலையில் காசு செலவே இல்லை. கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து கொடுத்தால் போதும். ஆனால் முதல் வேலையாக அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிடுங்கள். இல்லையேல் ஒரே இரவில் மாதத்து டேட்டா கரைந்துவிடும். வைரஸ் தடுப்பு விண்டோசிலேயே இருக்கிறது; தனியாக வாங்க வேண்டாம். கட்டுரை எழுத லிப்ரெ ஆபிஸ் இலவசம். பள்ளியில் படிக்கும் தம்பிக்கு, கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு போதும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 விழுக்காடு ஆக்குங்கள்; கண்ணுக்கு நல்லது. தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துவிடுங்கள். 1980-களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவர உழைத்த முரசு முத்து நெடுமாறன் நம் மலேசிய மண்ணின் மைந்தர். அந்த நாட்டில் இருந்துகொண்டு நம் பிள்ளைகள் தமிழில் தட்டத் தெரியாமல் இருக்கலாமா?

கருவியை மெத்தைமேல் வைக்காதீர்கள். காற்று அடைபட்டுச் சூடேறும். இடி மின்னல் என்றால் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

அன்று மாலை லயத்து வீட்டில் கம்பியை மாட்டினோம். மகள் முதன்முதலாகத் தட்டியது வீட்டுக் கணக்கு. ஆடு விற்றது 2,000. கருவி 1,150. பையும் மௌசும் 50. கம்பி 20. மீதி 780 வெள்ளி. தொலைக்காட்சித் திரையில் பெரிய எழுத்தில் வந்த அந்தக் கடைசி வரியை, தாயார் கண்ணாடி இல்லாமலே படித்தார்.

"இது உன் விடுதிச் செலவுக்கு" என்றார் மகளிடம்.

கடன் இல்லாமல் பிள்ளையை வழியனுப்பும் தாயின் முகத்தை அன்று பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாலை வரட்டும்.