எரித்துவிட்டால் ஆயிற்றா?

நல்ல காரியத்துக்கு நாள் குறிப்பதில் நம்மவர்களுக்கு இணை கிடையாது. அந்த நாள், நாம் பதில் சொல்ல வேண்டிய காலத்துக்கு அப்பால் விழுந்துவிட்டால் உற்சாகத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

சென்னைக் கார்ப்பரேஷன் 2023-ம் வருஷம் ஒரு திட்டம் வெளியிட்டது. கரியமில வாயுவையும் அதைப் போல் பூமியைச் சூடாக்கும் மற்ற வாயுக்களையும் இந்நகரம் வெளிவிடுவதை 2050-க்குள் நிகரக் கணக்கில் பூஜ்யமாக்கிவிடுவது என்பது அதன் சங்கல்பம். இந்தியாவுக்கே குறித்த கெடு 2070. நாட்டுக்கு 20 வருஷம் முந்தியே சென்னை கரையேறிவிடுமாம்!

சங்கல்பத்தை நான் பரிகசிக்கவில்லை. 2015 வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு அது வேண்டியதுதான். ஆனால் சொன்ன வாய் செய்யும் காரியத்தையும் பார்க்க வேண்டாமா?

திட்டத்தின் கணக்குப்படி 2018-19-ல் சென்னை வெளிவிட்டது சுமார் 1 கோடியே 44 லட்சம் டன். அதில் நூற்றுக்கு 71 பங்கு, கட்டடங்களும் தொழில்களும் விழுங்கும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வருவது. 16 பங்கு போக்குவரத்தால். மிச்சம் 13 பங்கு குப்பையாலும் கழிவுநீராலும். மின்சாரம் கார்ப்பரேஷன் கையில் இல்லை, பஸ்ஸும் இல்லை. குப்பைக்கு மட்டும் அதுவே எஜமான். அதன் சொல்லை உரைத்துப் பார்க்க வேறு உரைகல் எதற்கு?

அந்தக் குப்பைக்கு அது கண்ட வழி நெருப்பு. கொடுங்கையூரில் தினம் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் உலைக்குத் திட்டமிட்டது. 2025-ல் வடசென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று, வேண்டாம் என்றார்கள்.

"குப்பை மேட்டில் கிளம்பும் மீதேன், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு கொடியதாயிற்றே! எரிப்பது மேலல்லவா?" என்று கேட்கிறார்கள் கெட்டிக்காரர்கள். நியாயமான கேள்வி. மீதேன் எதில் பிறக்கிறது? காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, எச்சில் இலை என்று காற்றுப்படாமல் புதைந்து அழுகும் ஈரக் குப்பையில். அதைப் பிரித்தெடுத்து மூடிய தொட்டியில் அழுகவிட்டால் அந்த மீதேனே அடுப்பெரிக்க உதவும். காற்றுப்பட மக்கவிட்டால் எருவாகும். இரண்டுக்கும் உலை வேண்டாம். அப்படிப் பிரித்தபின் உலைக்கு மிஞ்சுவது என்ன? காகிதத்தைப் பழைய பேப்பர்க்காரர் கொண்டுபோய்விடுவார். பாக்கி பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பிள்ளை. அதை எரிப்பதும் பெட்ரோலை எரிப்பதும் ஒரே ஜாதி. பிரிக்காமலே கொட்டினாலோ, ஈரம் எரியாது.

டில்லி திமார்பூரில், டென்மார்க் தேசத்து யந்திரத்தைக் கொண்டு 1987-ல் அமைத்த உலை இதை நிரூபித்தது. நம் குப்பையில் போதிய எரிசக்தி இல்லாமல் சீக்கிரமே மூடிக் கிடந்தது. அந்த டென்மார்க்கிலாவது பலித்ததா? 2025-க்குள் பூஜ்யம் என்று 2012-ல் திட்டம் போட்டது கோபன்ஹேகன் நகரம். கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடும்படி அழகான எரி உலை ஒன்றும் அங்கே எழுந்தது. அதன் வயிற்றுக்கு உள்ளூர்க் குப்பை போதாமல் வெளிநாட்டுக் குப்பையை வரவழைத்தார்கள். அதன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு அரசாங்கப் பணம் கிடைக்காமல் போகவே, 2022-ல் அந்தக் கெடுவையே கைவிட்டார்கள். உலையைக் கட்டிவிட்டால் அதற்குத் தீனி போட்டாக வேண்டும். குப்பையைக் குறைக்கச் சபதமெடுத்த சபையே, குப்பை குறையாமல் காவல் காக்கிற விபரீதம் இது!

வேறு வழி இல்லையா? கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். சர்வோதயபுரத்து ஜனங்கள், "இனி உங்கள் குப்பை இங்கே வராது" என்று மறித்தபின், வீடுகளில் எரிவாயுத் தொட்டியும் தெருக்களில் எருக்கூடமும் வைத்து அந்நகரம் சமாளித்தது. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பே அதை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகச் சொன்னது. "அது சின்ன ஊர்" என்பீர்கள். சென்னை என்பது 200 வார்டுகள்; ஒவ்வொரு வார்டும் சராசரியில் ஆலப்புழையைவிடச் சின்னது.

பிறகு ஏன் நடக்கவில்லை? பிரித்துக் கொடுங்கள் என்று 2016-லேயே விதி வந்தது. ஆனால் மயிலாப்பூரிலும் அண்ணாநகரிலும் இரண்டு வாளி வைக்கச் சொன்னால் நாம் முகம் சுளிப்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அந்தச் சுளிப்பிடம் பயம். கொடுங்கையூர்க்காரரின் இருமல் அவ்வளவு தூரம் கேட்பதில்லை. அனல் மின் நிலையமும் மணலி ஆலைகளும் ஏற்கெனவே வடசென்னையின் பங்காக வந்து சேர்ந்தவை. இத்தனைக்கும் மேலே நம் எச்சில் இலையின் புகையையும் அவர்கள் மூச்சில் ஏற்றிவிட்டு நாம் பூஜ்யம் எழுதிக்கொண்டால், அதற்குப் பெயர் கணக்கல்ல, களவு.

2050 இருக்கட்டும். நாளைக் காலை நம் வாசலுக்கு வரும் வண்டியில் ஈரக் குப்பைக்குத் தனி இடமும், அது கடைசிவரை தனியாகவே போய்ச் சேரும் என்ற உத்தரவாதமும் கார்ப்பரேஷன் தரட்டும். அதைச் செய்துகாட்டிய சபை பூஜ்யத்தைப் பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.